தோல் புற்று எடுத்த குழியை மூடுவது: ஃபிளாப் ஏன், எப்படி, எதில் தவறும்

கேள்வி இது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அப்பாவுக்கு 64 வயது, கடல் தொழில். வலது மூக்கும் கன்னமும் சேரும் மடிப்பில் 1 செ.மீ. அளவில் கறுப்பாக ஒரு கட்டி. மச்சம் என்று இரண்டு வருடம் விட்டுவிட்டார்கள். அவ்வப்போது பொருக்குத் தட்டி ரத்தம் கசிந்ததும் பயாப்ஸி எடுத்தார்கள்; பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று என்று வந்திருக்கிறது. புதுச்சேரியில் காட்டியபோது "கட்டியை எடுத்துவிட்டு ஃபிளாப் போட்டு மூடிவிடலாம்" என்றார்களாம். ஃபிளாப் (மடல்) என்றால் பக்கத்துத் தோலை முழுவதும் பிரிக்காமல் நகர்த்திக் குழியை மூடுவது. தொடையில் தோல் எடுத்து ஒட்டுவதுதானே வழக்கம், நல்ல கன்னத்தை ஏன் வெட்ட வேண்டும், முகம் கோணிப்போகாதா என்று மகன் கேட்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், அந்த இடத்துக்கு ஃபிளாப்தான் பெரும்பாலும் நல்ல வழி. முகம் கோணுவதும் கோணாததும் ஃபிளாப்பின் பெயரைப் பொறுத்ததல்ல. தோலை எந்தப் பக்கத்திலிருந்து கடன் வாங்குகிறார்கள், தைத்த பிறகு இழுவை எந்தத் திசையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. புற்று முழுக்கப் போய்விட்டது என்று தெரிந்த பிறகு மூடுகிறார்களா, தெரியாமலே மூடுகிறார்களா?

பேசல் செல் கட்டி கண்ணுக்குத் தெரியும் விளிம்போடு நிற்காது. 2 செ.மீ.க்கு உட்பட்ட, விளிம்பு தெளிவான கட்டிக்கு வழக்கமாகச் சுற்றிலும் 4 மி.மீ. நல்ல தோலைச் சேர்த்து எடுப்பார்கள். தோல் புற்றில் இன்னொரு வகையான ஸ்குவாமஸ் செல்லுக்கு 4 முதல் 6 மி.மீ., ஆபத்து அதிகமான கட்டி என்றால் இன்னும் கூட. அப்பாவின் கட்டி 10 மி.மீ.; இரு பக்கமும் 4 சேர்த்தால் 18 மி.மீ. வெட்டிய தோல் தன் இழுவையில் பின்வாங்கும் என்பதால் குழி கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வரும். "ஒரு மச்சத்துக்கு இவ்வளவு பெரிய ஓட்டையா" என்று வீட்டில் பதறுவது இதைப் பார்த்துத்தான். மூக்கும் கன்னமும் சேரும் மடிப்பு, கண்ணின் உள் மூலை, காதைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் இந்த வகைக் கட்டி ஆழமாக வேர் விடும். திரும்ப வருவதும் இங்கேதான் அதிகம். அதனால் 4 மி.மீ. என்பதை இங்கே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எடுத்த சதையின் விளிம்பில் புற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு. மோஸ் முறையில் மேசையிலேயே அடுக்கடுக்காக எடுத்து, விளிம்பு முழுவதையும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஃப்ரோசன் செக்‌ஷனில் சதையை உறைய வைத்துச் சில இடங்களில் மட்டும் சீவிப் பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் சாதாரண பயாப்ஸி அறிக்கை வரும்வரை காத்திருப்பது. இந்த மூன்றாவதை நம் ஆட்கள் விரும்புவதில்லை. "ஓட்டையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்" என்று குறைப்படுவார்கள். உண்மையில் குழிக்கு மேல் வாசலின் பூசிய துணி வைத்து ஒரு வாரம், பத்து நாள் விட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. அடியில் சிவப்புச் சதை வளர்ந்து குழி கொஞ்சம் ஆழம் குறையும். மிச்சம் இருக்கும் புற்றின் மேல் ஃபிளாப்பைத் திருப்பி மூடுவதுதான் பெரிய தவறு. தடித்த தோலும் கொழுப்பும் மேலே உட்கார்ந்துவிட்டால், அடியில் வளர்வது பல மாதங்களுக்குக் கண்ணில் படாது. தோல் இடம் மாறிவிட்டதால் பழைய விளிம்பு எது என்பதும் குழம்பிவிடும். மறுபடி வெட்ட வேண்டி வந்தால் கடன் கொடுக்கப் பக்கத்தில் தோலும் இருக்காது.

இனி, எதைக் கொண்டு மூடுவது. ஃபிளாப்புக்கு முன்னால் மூன்று எளிய வழிகளை யோசிப்பார்கள். தானே ஆற விடுவது ஒன்று. கண்ணின் உள் மூலை, காதுக் குழிவு போன்ற பள்ளமான இடங்களில் இது வியக்கத்தக்க அளவு அழகாக ஆறும். மூக்கு நுனி போன்ற மேட்டில் விட்டால் பளபளவென்று சப்பையான தழும்பாகும். அடுத்தது நேராக இழுத்துத் தைப்பது. வட்டக் குழியின் இரு முனையையும் படகு வடிவில் நீட்டி, நீளம் அகலத்தைப் போல 3 மடங்கு வரும்படி வெட்டினால்தான் முனை படியும். இல்லையென்றால் ஜாக்கெட்டில் டார்ட் பிடித்த முனையில் துணி குவிந்து நிற்குமே, அப்படித் தோல் குவியும். மூன்றாவது தொடையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ எடுக்கும் தோல் ஒட்டு.

ஒட்டும் ஃபிளாப்பும் ஒன்றல்ல. ஒட்டு என்பது உடம்பிலிருந்து முழுவதும் பிரித்தெடுத்த தோல். அதற்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியில் ஊறும் நீரைக் குடித்துப் பிழைக்கும். அதற்குள் அடியிலுள்ள சிறு குழாய்கள் அதன் குழாய்களோடு இணைய வேண்டும். அசைந்தாலோ அடியில் ரத்தம் கட்டினாலோ ஒட்டு போய்விடும். எலும்பின் மேல், குருத்தெலும்பின் மேல் வெறுமனே வைத்தால் பிடிக்காது. தொடைத் தோல் மெல்லியது, நம் மாநிறத்தில் முகத்தில் வைத்தால் கறுத்துப்போய்ச் சுருங்கி, பனியனில் ஒட்டுப்போட்டதுபோலத் தெரியும். முகத்துக்கு ஒட்டுதான் வேண்டுமென்றால் காதின் பின்புறமோ காறை எலும்புக்கு மேலோ முழு ஆழத்தில் எடுப்பது மேல். ஃபிளாப்பில் ஒரு பக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் காம்பு வழியாக ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். நிறம், தடிப்பு, எண்ணெய்ப் பசை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே இருக்கும்.

ரத்தம் நுனிவரை போக வேண்டும் என்பதுதான் இதிலுள்ள முதல் கட்டுப்பாடு. பெயருள்ள தமனி எதுவும் இல்லாத ஃபிளாப்புக்கு, முகத்தில் நீளம் அகலத்தைப் போல 3 மடங்கு வரை போகலாம், உடம்பில் 2 மடங்கு, காலில் 1 மடங்குதான் என்பது பழைய வாய்ப்பாடு. காம்பை அகலமாக்கினால் நீளத்தையும் இஷ்டத்துக்குக் கூட்டலாம் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. 1970-இல் மில்டன் என்ற சர்ஜன் பன்றிகளில் சோதித்து அது சரியல்ல என்று காட்டினார். காம்புக்குள் நுழையும் ரத்தத்தின் அழுத்தம் எவ்வளவு தூரம் தள்ளுமோ அவ்வளவுதான் நுனி பிழைக்கும். முகத்தில் ரத்த ஓட்டம் செழிப்பு என்பதால் தப்பிக்கிறோம். முழங்காலுக்குக் கீழே அதே கணக்கைப் போட்டால் நுனி கறுத்துவிடும்.

இரண்டாவது கட்டுப்பாடு இழுவை. இதைக் கையால் செய்து பார்த்தால்தான் புரியும். பழைய பனியன் ஒன்றை லேசாக இழுத்து அட்டையில் குண்டூசியால் குத்திக்கொள்ளுங்கள். பனியன் துணி தோலைப் போலவே நெகிழும். 2 செ.மீ. பக்கமுள்ள சாய்சதுரம் ஒன்றை வரையுங்கள். இரண்டு மூலை 60 டிகிரி, இரண்டு மூலை 120 டிகிரி. அகன்ற மூலைகள் இரண்டையும் சேர்க்கும் குறுக்குக் கோடும் 2 செ.மீ.தான் வரும். சாய்சதுரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள்; அதுதான் புற்று எடுத்த குழி. அகன்ற மூலை ஒன்றிலிருந்து அதே குறுக்குக் கோட்டை வெளிப்பக்கம் 2 செ.மீ. நீட்டி வெட்டுங்கள். அந்த முனையிலிருந்து, குழியின் பக்கம் ஒன்றுக்கு இணையாக, 60 டிகிரி மடக்கி இன்னொரு 2 செ.மீ. வெட்டுங்கள். இப்போது ஒரு முக்கோண மடல் கிடைக்கும். அதைத் திருப்பிக் குழிக்குள் வைத்தால் பொருந்திப்போகும். மடல் கிளம்பிவந்த இடத்தின் இரண்டு விளிம்பையும் சேர்த்துத் தைத்துவிட்டுத் துணியைப் பாருங்கள். சுருக்கக் கோடுகள் குழியைச் சுற்றி அவ்வளவாக இருக்காது. மடல் கிளம்பிய இடத்தைத் தைத்தோமே, அங்கேதான் துணி விறைப்பாக நிற்கும்.

இது லிம்பெர்க் ஃபிளாப். குழியின் இழுவையை அது ஒழிப்பதில்லை, வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறது. ஒரு சாய்சதுரத்துக்கு இப்படி நான்கு மடல்கள் வரையலாம். அனுபவமுள்ள சர்ஜன் நான்கையும் பேனாவால் தோலில் வரைந்து, இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளித் தொய்வு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். கீழ் இமையைக் கீழே இழுக்கும் மடலும் மூக்கு மடிப்பை மேலே தூக்கும் மடலும் உடனே கழிந்துவிடும். படுத்தால் கன்னம் காதுப் பக்கம் சரிந்து தொய்வு பொய்யாகத் தெரியும் என்பதால், இந்தக் குறியை மரப்பு ஊசி போடும் முன்பே, உட்கார வைத்துப் போடுவது நல்ல வழக்கம். ஊசி மருந்து இறங்கினால் தோல் உப்பிப்போய்ச் சுருக்கக் கோடுகளும் மறைந்துவிடும். குழி வட்டமாக இருந்தால் அதைச் சாய்சதுரமாக்க நல்ல தோலைக் கூடுதலாக வெட்ட வேண்டியதில்லை. மடலின் நுனியை உருட்டிச் சீவினால் போதும்.

அப்பாவின் இடத்துக்கு லிம்பெர்க்கைவிட இன்னொன்று பொருத்தமாக இருக்கலாம்: வி-ஒய் நகர்த்தல். குழியை ஒட்டிக் கீழே, மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பின் ஓரமாக, குழியின் நீளத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு நீளமுள்ள முக்கோணம் ஒன்றைச் சுற்றிலும் வெட்டுவார்கள். தோல் முழுக்கத் தீவாகிவிடும். ஆனால் நடுவில் அடிக்கொழுப்பு வழியாக ரத்தம் வரும். அதனால் ஓரங்களை மட்டும்தான் அடியில் பிரிப்பார்கள். நடுக் கொழுப்பைத் தொட்டால் கதை முடிந்தது. முக்கோணம் மேலே நகர்ந்து குழியை மூடும், விட்டுச்சென்ற இடம் ஒரு கோடாகத் தைபடும். அந்தக் கோடு மடிப்பிலேயே விழுவதால் ஆறு மாதத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். குழி மூக்கின் மேலும் கன்னத்திலும் பாதி பாதியாக இருந்தால் இரண்டையும் ஒரே மடலால் மூடுவது சோம்பேறித்தனம். நடுவிலுள்ள பள்ளம் நிரம்பி முகம் ஒரு பக்கம் வீங்கியதுபோலாகும். கன்னத்தைக் கன்னத்துத் தோலாலும் மூக்கை வேறொன்றாலும் மூட வேண்டும். ஆண்களுக்கு இன்னொரு தொல்லை: மீசைக்குப் பக்கத்துத் தோலை மூக்கில் கொண்டுவந்து வைத்தால் மூக்கில் தாடி முளைக்கும்.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. மூக்கின் கீழ்ப்பகுதியில் ஒன்றரை செ.மீ. வரையான குழிக்கு இரட்டை மடல்: முதல் மடல் குழியை மூடும், இரண்டாவது சிறு மடல் முதல் மடலின் இடத்தை மூடும், இரண்டாவதன் இடத்தை மூக்கின் மேல்புறத் தொய்வு ஏற்கும். எஸ்ஸர் என்ற சர்ஜன் 1918-இல் சொன்ன இதை 1989-இல் சிட்டெல்லி என்ற டாக்டர் மாற்றினார். மொத்தத் திருப்பத்தை 180-லிருந்து 90–100 டிகிரிக்குக் குறைத்ததும் முனைக் குவிப்பும் வீக்கமும் குறைந்தன. தலையில் தோல் நெகிழவே நெகிழாது. பெரிய பிறை வடிவில், குழியின் அகலத்தைப் போல நாலைந்து மடங்கு நீளத்துக்கு வெட்டிச் சுழற்ற வேண்டியிருக்கும். உதட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை நேராகவே தைத்துவிடலாம். காலில் கீஸ்டோன் என்ற வளைந்த செங்கல் வடிவ மடல் உதவும்.

மூக்கின் பெரும்பகுதியே போய்விட்டால் நெற்றி மடல். இது நம் நாட்டுச் சொத்து. புனே பக்கத்தில் காவஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் படத்தோடு வந்தது. அதைப் பார்த்துத்தான் கார்ப்யூ என்ற சர்ஜன் 1814-இல் இங்கிலாந்தில் அதையே செய்தார். இன்றைய முறையில் புருவத்தின் உள்முனைப் பக்கம், நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளி ஏறும் தமனியை நம்பி, சுமார் ஒன்றரை செ.மீ. அகலக் காம்போடு மடலை இறக்குவார்கள். மூன்று வாரம் அந்தக் காம்பு கண்ணுக்கு நடுவே தொங்கும். மூக்கில் புது ரத்த ஓட்டம் பிடித்த பிறகு அறுப்பார்கள். "இரண்டு ஆபரேஷன்" என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான். கண்ணாடி போட முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆபரேஷன் நாளில் பெரும்பாலும் மரப்பு ஊசிதான், மயக்கம் கிடையாது. அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 420 மி.கி., அதாவது 2 சதவீத மருந்தில் 21 மி.லி. முகத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஊசி போட்டதும் வெட்டக் கூடாது. பத்து நிமிடமாவது விட்டால்தான் ரத்தக் கசிவு குறையும். மடலை எந்த ஆழத்தில் பிரிப்பது என்பது இடத்துக்கு இடம் மாறும். கன்னத்தில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பிலேயே, மூக்கில் தசைக்கு அடியில் குருத்தெலும்பு உறைக்கு மேலே, தலையில் எலும்புச் சவ்வுக்கு மேலே. நெற்றிப்பொட்டில் ஆழம் தவறினால் புருவம் தூக்கும் நரம்பு போய்விடும், தாடை விளிம்பில் தவறினால் கீழ் உதடு ஒரு பக்கம் இறங்காது. பிறகு ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தி, உள்தையலை 5-0 கரையும் நூலால் போட்டு, வெளியே அதைவிட மெல்லிய 6-0 நைலான் நூல். உள்தையல்தான் பாரத்தைச் சுமக்க வேண்டும். வெளித்தையல் இறுகி மடல் வெளிறினால் அந்தத் தையலைப் பிரித்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. தைத்து முடிக்கும் முன் வாயைத் திறக்கச் சொல்லி, மேலே பார்க்கச் சொல்வார்கள். அப்போது கீழ் இமை கண்ணை விட்டு விலகினால் பிறகும் விலகும்.

கெட்டுப்போவது எப்போது? முதல் 48 மணி நேரம் ரத்தக்கட்டு. மடல் திடீரென்று உப்பி, விறைத்து, வலி ஏறிக்கொண்டே போனால் காலைவரை காத்திருக்கக் கூடாது. உள்ளே கட்டிய ரத்தம் காம்பை அழுத்திக் கொல்லும். இரண்டு தையலைப் பிரித்து வெளியேற்றினால் பிழைத்துவிடும். வெளியே கசிந்தால் சுத்தமான துணி வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் 20 நிமிடம் தொடர்ந்து அழுத்துங்கள். நிற்காவிட்டால் கடலூர் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும்.

அடுத்தது நிறம். விரலால் அழுத்தி எடுத்தால் 2, 3 வினாடியில் நிறம் திரும்ப வேண்டும். வெளிறிச் சில்லிட்டு, நிறம் மெல்லத் திரும்பினால் உள்ளே ரத்தம் வரவில்லை. கருநீலமாகி, அழுத்தியதும் சட்டென்று நிறம் திரும்பினால் வெளியே போக வழியில்லை. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய புத்தகத்து நிறங்கள் நமக்குச் சரியாகப் பொருந்தாது. கறுத்த தோலில் நீலம் சாம்பல் படிந்ததுபோலத்தான் தெரியும். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு, பகல் வெளிச்சத்தில் தினமும் ஒரே கோணத்தில் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டருக்கு வார்த்தையைவிட அது உதவும். நுனி கறுத்துப் பொருக்குத் தட்டினால் மடல் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மேல்தோல் மட்டும் உரிந்து அடியில் புதுத்தோல் வருவது அடிக்கடி நடப்பது. பொருக்கைப் பிய்க்காமல் இருந்தால் போதும்.

நுனி சாவதற்கு, நோயாளி கையில் இருக்கும் மிகப் பெரிய காரணம் பீடி. நிகோட்டின் தோலின் சிறு குழாய்களைச் சுருக்கும். மடலின் நுனி ஏற்கெனவே கடைமடை வயல்போலக் கிடைக்கும் கொஞ்சத் தண்ணீரில்தான் பிழைக்கிறது. நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் நிறுத்த வேண்டும். வாயில் அடக்கும் புகையிலையும் இதில் சேர்த்தி. சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி வாங்குங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைபடுவது, தையலில் கசிவதைவிட நூறு மடங்கு மோசம்.

வீட்டுப் பராமரிப்பு எளிது. முதல் கட்டை 48 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் துடைத்து, வாசலின் மெல்லிசாகப் பூசி, ஒட்டாத துணி. மஞ்சள், தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஆன்டிபயாடிக் களிம்பும் தேவையில்லை, சிலருக்கு அதுவே அரிப்பும் சிவப்புமாகி இன்ஃபெக்‌ஷன் என்று ஏமாற்றும். இரண்டு தலையணை வைத்துப் படுக்கட்டும். முகத் தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள், தலையில் 7 முதல் 10, காலில் இரண்டு வாரம். தையல் பிரித்ததும் ஆறிவிட்டது என்று வலை இழுக்கப் போய்விடுவதுதான் நம் கரையில் நடப்பது. மூன்றாவது வாரத்தில்கூடத் தழும்பின் பலம் பழைய தோலில் ஐந்தில் ஒரு பங்குதான். நான்கு வாரமாவது படகில் பாரம் இழுக்கக் கூடாது. கடல் தண்ணீரும் காயம் மூடும்வரை ஆகாது. உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது கரையோர நம்பிக்கை. ஆனால் வெதுவெதுப்பான கடல் நீரிலும் உப்பனாற்றுக் கழிமுக நீரிலும் வாழும் விப்ரியோ கிருமி திறந்த காயத்தில் கடுமையாகத் தாக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது வாரத்துக்கு மேல் மடல் தலையணைபோல உப்ப ஆரம்பிக்கலாம். வட்டத் தழும்பு சுருங்குவதால் வருவது அது. தினமும் இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம், விரலால் அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் அமரும். அமராவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. ஆறு மாதத்துக்கு முன் "திரும்பச் சரிசெய்கிறோம்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள்.

புதுச்சேரி ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரி, புற்றுநோய்ப் பிரிவு இரண்டும் இருக்கின்றன. எங்கே செய்தாலும் தேதி வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். விளிம்பு சுத்தம் என்று எப்படி உறுதி செய்வீர்கள்? மடல் எந்தப் பக்கத்திலிருந்து வரும், கன்னத்தில் வரைந்து காட்ட முடியுமா? இமையோ மூக்கு மடிப்போ இழுபட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? சதை அறிக்கையின் நகலையும் வாங்கி வையுங்கள். ஒருமுறை பேசல் செல் வந்த முகத்தில் இன்னொன்று வேறிடத்தில் வருவது சாதாரணம் என்பதால், ஐந்து வருடத்துக்கு ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை முகம், காது, கழுத்து முழுவதையும் காட்ட வேண்டும். மடலுக்கு அடியில் புதிதாகக் கெட்டியாகத் தட்டுப்பட்டாலோ, ஆறிய கோட்டில் மறுபடி பொருக்குத் தட்டினாலோ, அந்த ஆறு மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.